ஷா ஆலமில் புதிய அரங்கம்: கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை

ஷா ஆலம் விளையாட்டரங்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி கிள்ளான் நண்பர்கள் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தீவிர சிலாங்கூர் ரசிகர்கள். பழைய அரங்கத்தை இடிக்கும் வேலை 2024-ல் தொடங்கியதிலிருந்து அவர்களுக்கு ஒரே ஆதங்கம். "எம்பதாயிரம் பேர் உக்கார்ற ஸ்டேடியத்த இடிச்சிட்டு நாப்பத்தஞ்சாயிரம் பேருக்குக் கட்றாங்களே, இது நியாயமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். இந்தப் பதிவு அவனுக்கான பதில். அவன் கேட்டதைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் திட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுமார் 188 ஏக்கர் பரப்பில் ஷா ஆலம் விளையாட்டு வளாகம் முழுவதையும் புதுப்பிக்கிறார்கள். அதன் நடுநாயகம் 45,000 இருக்கைகள் கொண்ட புதிய காற்பந்து அரங்கம். மாநில அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன மதிப்பு 78 கோடியே 70 லட்சம் ரிங்கிட். முடிக்க வைத்திருக்கும் இலக்கு 2029. கட்டித் தரப்போவது எம்.ஆர்.சி.பி நிறுவனம். 2022-ல் பழுது பார்த்து மேம்படுத்துவதாகத்தான் பேச்சு தொடங்கியது. அடுத்த ஆண்டே அது முழுதாக இடித்துக் கட்டுவது என்று மாறியது.

எனக்கு இந்த அரங்கம் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்பந்துக்கென்றே ஒரு நல்ல வீடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனால் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டிய சில வாக்குறுதிகள் இருக்கின்றன. அவற்றை இப்போது கேட்காவிட்டால் 2029-க்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

பழைய அரங்கம் ஏன் போனது?

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வந்த யாருக்கும் அந்த வளைவுக் கூரையை அடையாளம் சொல்லத் தேவையில்லை. கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியின் கைவண்ணம் அது. 1994 ஜூலை 16-ஆம் தேதி திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் உலக இளையோர் கிண்ணத்தின் இறுதியாட்டம் அங்கே நடந்தது. 1997-ல் அர்ஜென்டினா 2-1 என்ற கணக்கில் உருகுவேயை வீழ்த்தியது அந்தத் திடலில்தான். ரிக்கெல்மே, ஐமார், கம்பியாசோ என்று பின்னாளில் உலகமே கொண்டாடிய பெயர்கள் அந்த அணியில் இருந்தன.

நம் ஆட்களுக்கு அதைவிட நெருக்கமான நினைவு 2017 ஆகஸ்ட் 26. சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதி, எதிரணி இந்தோனேசியா. ஆட்டம் கோல் இல்லாமலேயே முடியப்போகிறது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் தனபாலன் தலையால் முட்டிப் போட்டான் பாருங்கள் ஒரு கோல்! மலேசியா 1-0. அன்று அரங்கம் எழுப்பிய சத்தத்தை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். மூன்று நாள் கழித்து அதே திடலில் இறுதியாட்டத்தில் தாய்லாந்திடம் 0-1 என்று தோற்றோம். அது வேறு கதை.

இந்த ஆட்டத்தை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் ரசிகர்கள் அலைமோதிய அரங்கம் அது. 2020-ல் பாதுகாப்பில்லை என்று மூடிவிட்டார்கள். மூன்றே ஆண்டு. கூட்டம் வராமல் அந்த அரங்கம் செத்துப் போகவில்லை. பராமரிப்பு இல்லாமல்தான் செத்தது. கூரையில் பதித்திருந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகள் பிய்ந்து தொங்கியதை நெடுஞ்சாலையில் போகிறவர்களே பார்க்க முடிந்தது. நம் ஊர் வெயிலில் அந்த மாதிரித் தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகும், பிறகு மொறுமொறுவென்று ஆகிவிடும், அதன்பின் ஒரு பெருங்காற்று போதும். காலா காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. மாற்றாமல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், இரும்பு துருப்பிடிக்கும், மின்கம்பிகள் கெடும். ஒரு நாள் பொறியாளர் வந்து பார்த்து, பழுது பார்ப்பதைவிட இடிப்பதே மேல் என்று சொல்லிவிடுவார்.

இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கம் இன்றும் நிற்கிறது. அதுவும் ஒரு கட்டத்தில் இடிபடும் நிலைக்குப் போனதுதான். நாட்டின் சுதந்திரம் முழங்கிய இடம் என்பதால் தப்பித்தது. பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள், பழைய வடிவத்துக்கே மீட்டெடுத்தார்கள், 2008-ல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஆக, மனம் வைத்தால் இந்த நாட்டில் ஓர் அரங்கத்தை அறுபது எழுபது ஆண்டு காப்பாற்ற முடியும். 1994-ல் கட்டியதை முப்பதே ஆண்டில் இடிக்க வேண்டி வந்தது என்றால் குறை கான்கிரீட்டில் இல்லை.

45,000 போதுமா?

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். போதும். எண்பதாயிரத்துக்கு மேல் ஆள் கொள்ளும் தேசிய அரங்கம் புக்கிட் ஜாலிலில் ஏற்கெனவே இருக்கிறது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியது. 2018 டிசம்பரில் வியட்நாமோடு நடந்த ஆசியான் இறுதியாட்டத்தின் முதல் சுற்றுக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். அப்படி ஓர் ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். மற்ற நாள்களில்? சாதாரண லீக் ஆட்டத்துக்கு எண்பதாயிரம் இருக்கையில் பத்தாயிரம் பேர் உட்கார்ந்தால் ஆடுகிறவனுக்கும் உற்சாகம் இருக்காது, பார்க்கிறவனுக்கும் இருக்காது. உலகக் கிண்ணக் குழுச்சுற்று ஆட்டங்களுக்கே ஃபிஃபா கேட்பது 40,000 இருக்கைதான். சின்ன அரங்கம் என்றால் மின்சாரச் செலவு, துப்புரவுச் செலவு, கூரைப் பராமரிப்பு எல்லாமே குறையும். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற சிலாங்கூருக்கு நிரம்பி வழியும் 45,000 தான் அழகு.

பணத்துக்குப் பதில் நிலம்

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அரங்கத்தைக் கட்ட மாநில அரசு கஜானாவைத் திறந்து ரொக்கம் கொடுக்கப் போவதில்லை. மேம்பாட்டாளருக்கு நிலம் கொடுக்கிறது. அவர் அரங்கத்தைக் கட்டித் தருகிறார், தமக்குக் கிடைத்த நிலத்தில் அடுக்குமாடியும் வணிக வளாகமும் எழுப்பிச் செலவை மீட்டுக்கொள்கிறார். நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிது இல்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர்களைக் கேளுங்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் தளமாக இருந்த 72 ஏக்கர் நிலத்தில்தான் கே.எல். சென்ட்ரல் வந்தது. 2001-ல் நிலையம் திறந்தார்கள். அதைக் கட்டிய கூட்டமைப்புக்குத் தலைமை வகித்ததும் இதே எம்.ஆர்.சி.பி தான். புக்கிட் ஜாலில் அரங்கத்தை 2017 சீ விளையாட்டுக்காகப் புதுப்பித்ததும் அதே நிறுவனத்தின் கிளைதான். அங்கேயும் ஈடாகப் போனது நிலம், 90 ஏக்கருக்கு மேல்.

இந்த முறை தவறு என்று நான் சொல்லவில்லை. அரசிடம் பணம் இல்லாதபோது இதுவும் ஒரு வழி. பிரிக்பீல்ட்ஸுக்குக் கே.எல். சென்ட்ரலால் வந்த நன்மைகளையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் "மக்கள் பணம் ஒரு காசுகூடச் செலவாகவில்லை" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொது நிலம் மக்களுடைய சொத்து. பணத்தையாவது அடுத்த ஆண்டு வரியில் திரும்பச் சம்பாதித்துவிடலாம். கையை விட்டுப் போன நிலம் திரும்பி வராது.

அதிலும் இந்த நிலங்களின் கதை நமக்குத் தெரியும். புக்கிட் ஜாலில் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு அரங்கம், பேரங்காடி, இசைநிகழ்ச்சி. அதற்கு முன் அது புக்கிட் ஜாலில் தோட்டம். பால்வெட்டுத் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். தோட்டம் அரசின் கைக்குப் போய், ஏக்கர் ஏக்கராக மேம்பாட்டுக்குக் கொடுக்கப்பட்ட பிறகும், எஞ்சி நின்ற 41 குடும்பங்கள் கேட்டது வெறும் 4 ஏக்கர். வீடு கட்டிக்கொள்ள. அந்த 4 ஏக்கருக்காக அவர்கள் பட்ட பாட்டை, 2011-ல் மாநகர மன்றத்தின் வெளியேற்ற நோட்டீசை எதிர்த்து நின்றதை, தமிழ்ப் பத்திரிகை படித்த எல்லாரும் அறிவார்கள். ஷா ஆலம் நகரமும் இப்படித்தான். 1978-ல் மாநிலத் தலைநகரானது. அதற்கு முன் சுங்கை ரெங்கம், பத்து தீகா வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் தோட்டம்தான்.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பழக்கமான ஒரு பெரியவர், இளமையில் தோட்டத்தில் வேலை செய்தவர், இந்தப் பேச்சு வந்தபோது சொன்னார்: "ஸ்டேடியம் கட்டட்டும் தம்பி, நல்லதுதான். நாம மரம் வெட்டுன எடத்துல நம்ம பேரப்புள்ள பந்து ஆடுனா எனக்குப் பெருமைதான். ஆனா உள்ள விடுவானுங்களா?" அவர் கேட்ட கேள்வியைவிட நல்ல கேள்வியை எந்த நிபுணரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

புல்லைக் காப்பாற்றுங்கள்

காற்பந்து அரங்கத்துக்கு உயிர் புல்தான். அதற்குப் புக்கிட் ஜாலிலிலேயே பாடம் இருக்கிறது. 2022 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரும் சிலாங்கூரும் மோதியபோது திடலின் நிலையைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பந்து உருள வேண்டிய இடத்தில் குதித்தது. பிறகு மாட்டுப்புல் எனப்படும் பழைய ரகத்தை எடுத்துவிட்டு சியோன் சோய்சியா என்ற ரகத்தைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு கோல்ட்பிளே இசைநிகழ்ச்சி நவம்பர் 22-ஆம் தேதி என்று முடிவானதால் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தையே டிசம்பர் 8-க்குத் தள்ளி வைத்தார்கள்.

இசைநிகழ்ச்சியே கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை நான். நம் நட்சத்திரக் கலைவிழா 2018-ல் புக்கிட் ஜாலிலில்தான் நடந்தது. ரகுமான் 2023 ஜனவரியில் அங்கே பாடியபோது நம் சனம் திரண்டதையும் மறக்க முடியாது. அந்த வருமானம் அரங்கத்துக்குத் தேவை. ஆனால் புல்லின் கணக்கு எப்படி என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேடை போடவும் ஆட்கள் நிற்கவும் திடல்மேல் பலகை விரிப்பார்கள். அடியில் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்து புல் வெளிறும், வேர் பிடி தளரும், மண் இறுகும். மண் இறுகினால் நம் ஊர் சாயங்கால மழைத்தண்ணீர் வடியாது. பலகையை எடுத்த பிறகு மண்ணைக் குத்திக் காற்றோட்டம் கொடுத்து, மணல் தூவி, உரம் போட்டு, புல் திரும்ப வேர் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களை நாள்காட்டியில் ஒதுக்கி வைப்பதுதான் நிர்வாகம்.

புதிய அரங்கத்தில் கூரை பெரிதாக இருந்தால் பிரச்சினை இன்னும் கூடும். நிழல் விழும் பக்கத்தில் புல் நன்றாக வளராது. அதற்கென்றே சக்கரம் வைத்த விளக்கு வரிசைகளை இரவெல்லாம் எரியவிடுகிறார்கள் ஐரோப்பிய அரங்கங்களில். அதற்கு மின்சாரம் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். இவையெல்லாம் கட்டுமானச் செலவில் வராது. ஆண்டுதோறும் வரும் செலவு.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2014-ல் திறந்து மூடும் கூரையோடு 55,000 இருக்கை அரங்கத்தைத் திறந்தார்கள். அந்த ஆண்டு பிரேசிலும் ஜப்பானும் ஆட வந்தபோது திடல் மணல் மணலாகக் கிடந்தது, உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. தனியார் கூட்டமைப்பு 25 ஆண்டு நடத்தும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் அரசே அரங்கத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வளவு திட்டமிடும் நாட்டுக்கே கட்டிய பிறகு நடத்துவதுதான் தலைவலியாக இருந்தது.

எப்படிப் போய்ச் சேருவது?

புக்கிட் ஜாலிலில் ஒரு பெரிய ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தெரியும். எல்.ஆர்.டி நிலையம் நடக்கும் தூரத்தில் இருப்பதால்தான் அவ்வளவு கூட்டமும் ஒருவழியாக வீடு போய்ச் சேர்கிறது. படிக்கட்டுக்குக் கீழே நெரிசல், கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், முகத்தில் கொடி வரைந்த பிள்ளைகள், விசில் ஊதி வரிசைப்படுத்தும் ஊழியர்கள். வியர்த்துக் கொட்டினாலும் ரயில் வந்துவிடும். பழைய ஷா ஆலம் அரங்கத்துக்கு அந்த வசதி இல்லை. கார் இருந்தால்தான் ஆட்டம். பத்து தீகா கொமுட்டர் நிலையத்தில் இறங்கினாலும் அங்கிருந்து நடந்து போகும்படியான வழி இல்லை.

இப்போது பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியா வரை போகும் எல்.ஆர்.டி 3 தடத்தில் ஷா ஆலம் அரங்கத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கிள்ளான் பசார் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலேறி ஆட்டம் பார்க்க வரலாம். நிலையத்திலிருந்து நுழைவாயில் வரை கூரை போட்ட அகலமான நடைபாதை வேண்டும். ஆட்ட நாள்களில் கடைசி ரயில் ஆட்டம் முடிந்து நல்ல நேரம் கழித்தே புறப்பட வேண்டும். இரண்டும் பெரிய செலவு இல்லை. வரைபடம் போடும்போதே நினைத்தால் நடக்கும்.

நம் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்?

மலேசியக் காற்பந்தில் நம் பெயர்கள் இல்லாத காலம் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய தேசிய அணிக்குத் தலைவர் எம். சந்திரன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆறுமுகம், 1988-ல் சாலை விபத்தில் நம்மை விட்டுப் போனவர். 'ஓலா போலா' படத்தில் வரும் முத்து அவரை மனத்தில் வைத்து உருவான பாத்திரம். 2010-ல் மலேசியாவுக்கு முதல் ஆசியான் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் கே. ராஜகோபால். உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே நம்பி சூப்பர் லீக்கில் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி, பெரும்பாலும் நம் பையன்கள், 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அந்தக் காலத்து வீரர்களில் பலர் தோட்டத்துப் பாடாங்கிலும் ரயில்வே திடலிலும் செருப்பில்லாத காலோடு ஆடத் தொடங்கியவர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில், பள்ளி, கள்ளுக்கடை இருந்ததுபோல் ஒரு பாடாங்கும் இருந்தது. தோட்டம் போனபோது பாடாங்கும் போனது. அடுக்குமாடிக்குக் குடிவந்த பிள்ளைக்கு இன்றைக்குப் பந்து உதைக்க வேண்டுமென்றால் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஃபுட்சால் கூடம் போக வேண்டும். வாடகை கொடுக்க முடியாத வீட்டுப் பையன் கார் நிறுத்துமிடத்தில் ஆடுகிறான், பாதுகாவலர் வந்து துரத்துகிறார். அடுத்த ஆறுமுகம் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் இருக்கலாம். நமக்குத் தெரியப்போவதில்லை.

188 ஏக்கர் வளாகத்தில் பெரிய அரங்கத்தோடு நான்கைந்து பயிற்சித் திடல்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேலி போட்டுப் பூட்டி வைக்காத திடல்கள். வார நாளில் பள்ளிகளுக்கு, வாரக் கடைசியில் வட்டாரக் கழகங்களுக்கு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று பார்க்காமல் முன்பதிவு செய்த பிள்ளைக்கு இடம். பெரியவர் கேட்டாரே, உள்ளே விடுவார்களா என்று? அதற்கான பதில் இந்தத் திடல்களில்தான் இருக்கிறது.

ஆகவே, என் வேண்டுகோள்

இது மாநில அரசின் திட்டம். சிலாங்கூர் சட்டமன்றத்தில் பேசப்பட வேண்டிய திட்டம். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கோயில் மானியத்துக்கும் பள்ளிக் கூரைக்கும் போய் நிற்கிறோம் அல்லவா, இதற்கும் போய் நில்லுங்கள். நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

முதலாவது, ஈடாகக் கொடுக்கும் நிலத்தின் மதிப்பு என்ன, அந்த மேம்பாட்டு வருமானத்தில் ஒரு பங்கு அரங்கப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போகுமா, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் பார்க்க வெளியிடுவார்களா?

இரண்டாவது, இசைநிகழ்ச்சிக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே புல் தேற எத்தனை வாரம் விடுவார்கள்? அது ஒப்பந்தத்தில் இருக்குமா?

மூன்றாவது, ரயில் நிலையத்திலிருந்து நடைபாதையும் ஆட்ட நாள் ரயில் சேவையும் உறுதிதானா?

நான்காவது, வளாகத்தில் எத்தனை பயிற்சித் திடல், யாருக்குத் திறந்திருக்கும், கட்டணம் எவ்வளவு?

சிலாங்கூர் சட்டை போட்டு ஆட்டத்துக்குப் போகிறவர்கள், போகாதவர்கள், பந்தென்றாலே என்னவென்று தெரியாதவர்கள், எல்லாருமே கேட்கலாம். கொடுக்கப்படும் நிலத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. 2029-ல் நாடா வெட்டும் விழாவுக்கு வந்து கைதட்ட நான் தயார். அதற்கு முன் இந்த நான்குக்கும் பதில் வர வேண்டும். கேட்டவர்கள், கிடைத்த பதிலைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து இங்கேயே வெளியிடுகிறேன்.